சாக்ஸ் சொன்ன ஆறுதல்

ஞானதுரை மலை மலையாகப் பன்னிரண்டு நாள் நடக்கக் கிளம்பினார். இரண்டாம் நாளே வலது குதிகாலில் சுருக்கென்றது.

"சனியன் பிடிச்ச ஷூ, இப்படிக் கடிக்குதே!" என்று திட்டினார்.

வலது ஷூ பதறிப்போனது. "நான் கடிக்கவே இல்லையே! ரெண்டு வருஷமா இந்தக் காலைத்தானே சுமக்கிறேன். தம்பி, நீ உள்ளேயே இருக்கே, உனக்குத் தெரியாதா?" என்று சாக்ஸிடம் கேட்டது.

"விடுங்கண்ணே, மனசுல வச்சுக்காதீங்க," என்றது சாக்ஸ்.

நாலாம் நாள் வழியோரக் கடை ஒன்றில் ஞானதுரை புது ஷூ வாங்கினார். பழைய ஜோடியை அங்கேயே பள்ளத்தில் வீசினார். அது பாறைகளில் மோதி மோதி விழுந்த சத்தம் வெகுநேரம் கேட்டது.

"தங்கமான அண்ணன்!" என்று சாக்ஸ் மூக்கைச் சிந்தியது.

புது ஷூவுக்குள் கால் நுழைந்ததும் ஷூவுக்கே ஏதோ குத்தியது. பார்த்தால், சாக்ஸின் குதிகாலில் ஒரு முள் ஒடிந்து நின்றது.

"அடப்பாவி! இது எப்போ ஏறினது?" என்றது புது ஷூ.

"கிளம்பின ரெண்டாம் நாளே."

"தெரிஞ்சுமா நீ வாயைத் திறக்கலை?"

"திறந்திருந்தா, பள்ளத்துக்கு நான்ல போயிருப்பேன்?"

பத்தடி நடந்த ஞானதுரை நொண்டிக்கொண்டே நின்றார்.

"சே, இதுவும் கடிக்குதே!"

புது ஷூ வெலவெலத்துப்போய் சாக்ஸைப் பார்த்தது.

"விடுங்கண்ணே," என்றது சாக்ஸ், "மனசுல வச்சுக்காதீங்க."