ஒரு பழைய சட்டையும் ஐந்து மூக்குகளும்

"இது மேல போகக் கூடாது மேடம். வாசனை இருக்கு" என்று சொல்லிவிட்டு, 'மூக்கு' சார் தன் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

மேஜையைச் சுற்றி நின்ற மற்ற நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் யாருக்கும் அந்தச் சட்டையில் எந்த வாசனையும் வரவில்லை.

பிரிவுத் தலைவிக்குச் சங்கடமாகிவிட்டது.

விண்கலத்துக்குள் போகிற ஒவ்வொரு பொருளையும் முகர்ந்து பார்த்து அனுப்புவதுதான் அவருடைய பிரிவின் வேலை. பேனாவோ, பசையோ, பல் துலக்கும் பிரஷோ, எதுவானாலும் ஐந்து பேர் முகர வேண்டும். வீட்டில் நாற்றமடித்தால் ஜன்னலைத் திறந்துவிடலாம். விண்வெளியில் எதைத் திறப்பது? துளி வாசனைகூட மாதக்கணக்கில் உள்ளேயே சுற்றி வந்து ஆளைப் படுத்தியெடுத்துவிடும். நாற்றம் தாங்காமல் பயணத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு இறங்கியவர்களைப் பற்றிய பேச்சும் விண்வெளிப் பயண வரலாற்றில் உண்டு. அதனால் ஐந்து பேரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் அந்தப் பொருள் வெளியே நின்றுவிடும்.

அந்த ஒருவர் பெரும்பாலும் மூக்கு சாராகத்தான் இருப்பார். விண்வெளிக்குப் போகிறவர்களுக்கு நிறுவன இயக்குநர் ஆசை ஆசையாக வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரத்தையே, தோல் பட்டையில் வாடை என்று திருப்பி அனுப்பியவர் அவர். இயக்குநர் இன்றுவரை அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஆனால் இந்தச் சட்டை வேறு விஷயம்.

அடுத்த மாதம் விண்வெளி நிலையத்துக்குப் புறப்படப்போகிற பெண்ணுடையது. அவளுடைய அப்பா ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தவர். அவர் கடைசியாகப் போட்டிருந்த சட்டையைத் துவைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து வைத்திருந்தாள். அச்சு மையும் சவர சோப்பும் கலந்த வாசனை அது, அதுதான் தன் அப்பா என்றாள். ஆறு மாதம் அது தன்னோடு இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள்.

டப்பாவைக் கொடுத்துவிட்டுத் திரும்பியவள் வாசலிலேயே தயங்கி நின்றாள்.

"எனக்கே இப்பல்லாம் வாசனை வருதா, இல்ல வர்ற மாதிரி நினைச்சுக்கறேனான்னு தெரியல மேடம். வீட்டுல கேட்டா, என் மனசு நோகக் கூடாதுன்னு எல்லாரும் வருது வருதுங்கறாங்க."

அப்போது மூக்கு சாரும் அங்கேதான் இருந்தார். டப்பாவை வாங்கி மேஜையில் வைத்ததோடு சரி, ஓர் ஆறுதல் வார்த்தை பேசவில்லை.

இப்போது இப்படிச் சொல்கிறார்.

அவர் கை கழுவப் போனதும் மற்ற நால்வரும் தலைவியைப் பிடித்துக்கொண்டார்கள். விட்டால் ராக்கெட்டிலேயே வாடை அடிக்கிறது என்று திருப்பி அனுப்பிவிடுவார் என்றார் ஒருவர். வயதாகிவிட்டது, இல்லாத வாசனையையெல்லாம் மூக்கு இழுக்கிறது என்றார் இன்னொருவர்.

"ஒரு கல்லுக்கு மூக்கு வெச்சிருந்தாக்கூட, அந்தப் பொண்ணுக்கு இரங்கி இந்தச் சட்டைக்குச் சரின்னு சொல்லியிருக்கும்" என்றாள் அவர்களில் இளையவள்.

தலைவிக்கும் சந்தேகம் வந்தது. சோதனைக் குப்பிகளை எடுத்து வரச் சொன்னார். சிலவற்றில் லேசான வாசனை இருக்கும், சிலவற்றில் வெறும் தண்ணீர். இல்லாத வாசனையை இருக்கிறது என்று சொல்கிறவருக்கு இந்த மேஜையில் இடம் கிடையாது. பல வருடம் பார்த்த வேலை இன்றோடு போகலாம் என்று மூக்கு சாருக்கும் தெரியும்.

அவர் முகத்தைச் சுளிக்கவில்லை. ஒவ்வொரு குப்பியாக மூக்கருகே கொண்டுபோனார். கிராம்பு, மண்ணெண்ணெய், தண்ணீர், கற்பூரம், தண்ணீர் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

தலைவி வேறு வழியில்லாமல் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டனுப்பினார்.

நான்கு பேருக்கு வாசனை வரவில்லை, ஒருவருக்கு மட்டும் வந்திருக்கிறது, அதனால் சட்டை போக முடியாது என்று பக்குவமாகச் சொன்னார். மேஜையில் ஒரு டம்ளர் தண்ணீரும் தயாராக வைத்திருந்தார். அந்தப் பெண் உடைந்துபோவாள் என்றுதான் நினைத்தார்.

அவள் தண்ணீரைத் தொடவில்லை.

"யாருக்கு வந்துச்சு? அந்தக் கண்ணாடி போட்டவருக்கா?"

"அவருக்குத்தாம்மா. நானும் சந்தேகப்பட்டு அவர் மூக்கைச் சோதிச்சுப் பாத்துட்டேன். ஒரு தப்பும் இல்ல."

"அவர் யார் மனசுக்காகவும் எதையும் சொல்ல மாட்டாருன்னு இங்க எல்லாரும் சொல்லுவாங்களே?"

"இயக்குநருக்காகவே சொல்லாத ஆளு."

அவள் டப்பாவை எடுத்து, மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று ஓரமெல்லாம் தடவிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தாலும் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"அப்ப அப்பா வீட்டுலயே இருக்கட்டும் மேடம். நான் திரும்பி வர்ற வரைக்கும் யாரும் திறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போறேன்."

டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு, வந்ததைவிட வேகமாக நடந்து போனாள்.

தலைவிக்குப் பெரிய பாரம் இறங்கியது போலிருந்தது. நேராகச் சோதனை அறைக்குப் போனார். மூக்கு சார் தனியாக நின்று குப்பிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் சொன்னதையெல்லாம் தலைவி அவரிடம் சொன்னார்.

"உங்களைத் தப்பா நினைச்சுட்டேன் சார். ஆமா, உங்களுக்கு எது வந்துச்சு? மையா, சோப்பா?"

மூக்கு சார் கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கும் ஒண்ணும் வரல மேடம்."