சார் குரலில் ஒரு கேள்வி

இதைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் இப்பவே இல்லை. முதலில் என் அக்கா கொஞ்சம் அழ வேண்டியிருக்கிறது.

அக்கா சபிஹா ஆராய்ச்சி மாணவி. உயிருள்ள செல்லின் சவ்வில் இருக்கும் இரண்டு புரதங்கள் கூட்டாளிகளா இல்லையா என்று இரண்டு வருஷமாகத் துப்பறிகிறாள். எனக்குப் புரிகிற மாதிரி ஒரு நாள் சொன்னாள்: ஒளிரும் புரதம் ஒன்றை டார்ச் லைட் போல இரண்டாகப் பிரித்து, பாதியை இவன் முதுகில், மீதியை அவன் முதுகில் ஒட்டிவிட வேண்டும். இருவரும் சேர்ந்தால் டார்ச்சும் சேரும். மைக்ராஸ்கோப்பில் பச்சை வெளிச்சம்.

ஒரு திங்கட்கிழமை வெளிச்சம் வந்துவிட்டது. அடுத்த மாதம் தேர்வாளர்களிடம் காட்டினால் பட்டம். ஆராய்ச்சி கைடுக்கு அனுப்பிய பச்சைப் போட்டோவைக் குடும்ப குரூப்பிலும் போட்டாள். அம்மா, கீரை கட்டு என்ன விலை என்று கேட்டார்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நண்பன் யாசின் போனை வாங்கி, அக்காவின் கைடு முத்துக்கிருஷ்ணன் சார் குரலில் கூப்பிட்டேன். சுலபமான குரல். பாதி மூக்கு, பாதி அதட்டல்.

"சபிஹா, இது என் புது நம்பர். போட்டோ பார்த்தேன். வேடசந்தூர் மில் பஸ்ல போயிருக்கியா?"

"போயிருக்கேன் சார்."

"அந்த நெரிசல்ல ஒட்டிக்கிட்டு நிக்கிறவனெல்லாம் சொந்தக்காரனா? சம்பந்தமே இல்லாத ஒருத்தன் முதுகுல பாதி டார்ச்சை ஒட்டிப் பார்த்தியா?"

என்ன சார் உளறுறீங்க என்பாள், சிரித்துவிட்டு வைத்துவிடலாம் என்று காத்திருந்தேன்.

"பார்க்கலை சார்" என்றாள். குரல் உள்ளே போயிருந்தது.

அந்த வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்தவள், தோள் பையைக்கூட இறக்காமல் அழுதாள். சம்பந்தமில்லாத மூன்றாவது புரதத்தோடும் அதே பச்சை. சவ்வில் புரதத்தை அளவுக்கு மேல் திணித்திருக்கிறாள். கூட்டத்தில் எல்லாரும் எல்லாரோடும் ஒட்டியிருக்கிறார்கள். இரண்டு வருஷ வேலை போச்சு என்றாள். அம்மா சாரை வாய் நிறையத் திட்டினார். நானும் சேர்ந்து திட்டினேன். வேறென்ன செய்ய?

திங்கட்கிழமை அவள் சாப்பிடாமலே கிளம்பிப் போனாள். எனக்கு மனசு கேட்கவில்லை. மத்தியானம் மறுபடியும் சார் ஆனேன்.

"என்னம்மா, சாப்டியா? அழுதுக்கிட்டு இருக்காத. கூட்டத்தைக் குறைச்சு ஏத்திப் பாரு, சரியா வரும்."

"சரி சார்" என்றாள்.

கூட்டத்தைக் குறைத்ததும் பழைய ஜோடி மட்டும் பச்சையாக நின்றது. மூன்றாவது ஆள் இருட்டில் இருந்தான். தேர்வு அன்று தேர்வாளர்கள் கேட்ட முதல் கேள்வியே அந்த மூன்றாவது ஆளைப் பற்றித்தானாம். படக்கென்று படத்தைக் காட்டியிருக்கிறாள். பட்டம் உறுதி.

இப்போது நீங்கள் சிரிக்கத் தயாராகலாம். அன்று சாயங்காலம் அவள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, கதவுக்குப் பின்னால் நின்று மூக்கால் அதட்டினேன். "சபிஹா, அந்தக் கேள்வியை முதல்ல கேட்டது யாரு?"

அவள் திடுக்கிடவே இல்லை.

"ஏலே வாஜித், வெளியே வா. முதல் தடவை ஏமாந்தேன், ஒத்துக்கிறேன். ரெண்டாவது தடவை நீ கூப்பிட்டப்ப சார் எனக்கு எதிர்ல நின்னு என்னைத் திட்டிக்கிட்டு இருந்தாரு. போனை ஸ்பீக்கர்ல போட்டேன்."

மெல்ல வெளியே வந்தேன். "என்ன சொன்னாரு?"

"தன் குரல் சாப்டியான்னு கேக்குறதைக் கேட்டுட்டு, திட்டுறதை நிறுத்திட்டாரு. அப்புறம் தன்னோட டிபன் பாக்ஸைத் திறந்து என் பக்கம் தள்ளுனாரு."