ஜப்பான் பிக்கப்

“செத்துப் போச்சு பாய். இனி இதுல உசுரு இல்ல. கழட்டிக் கடாசிட்டுப் புதுசு மாட்டுங்க.”

நூர் பாஷாவின் ரேடியோ ரிப்பேர் கடை மேசையில் கிட்டாரைக் கிடத்திவிட்டு, குப்புராஜ் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டான். மேசையில் தூசி இல்லை. பெங்களூரில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்ததிலிருந்து தருமபுரியில் எதைத் தொட்டாலும் அவனுக்குத் துடைத்தாக வேண்டும்.

செத்துப்போனதாக அவன் சொன்னது, கிட்டார் கம்பிகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப்பை. காந்தத்தைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருள்; கிட்டார் கம்பியின் அதிர்வை வாங்கி ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்புவது அதுதான். கிட்டாருக்குப் பதினைந்து வயசு, பிக்கப்புக்கும் அதே வயசு.

கூட வந்த, அவன் கிட்டார் வாசிக்கும் மெல்லிசைக் குழுவின் முதலாளி வெங்கடாசலம், வெயிலில் நடந்த களைப்போடு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“மூணு கச்சேரி பாய், மூணுலயும் கல்லு வுழுந்துச்சு. கேட்டா பிக்கப்பு சரியில்லங்கறான். ஞாயித்துக்கெழம காரிமங்கலத்துல கச்சேரி. இன்னிக்குச் சத்தம் சரியா வரலன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்னு சொல்லிட்டேன்.”

“ஏண்ணே கவலப்படறீங்க? ஜப்பான் சரக்கு கொண்டாந்திருக்கேன்” என்று குப்புராஜ் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். அதைத் தொட்ட பிறகு மட்டும் அவன் கையைத் துடைக்கவில்லை.

நூர் பாஷா தயங்கினார். “அண்ணன் போன வாரமே சொன்னாருங்க தம்பி. நாங்களும் ஒண்ணு சுத்தி வச்சிருக்கோம். மொதல்ல அத ஒருக்கா பாத்துடலாமுங்களா?”

“எதுல சுத்துனீங்க?”

“தையல் மெஷின் சக்கரத்துலங்க. அஞ்சாயிரம் சுத்து.”

“தையல் மெஷின்லயா! அப்ப ஜாக்கெட்டுதான் பாய் வரும், சத்தம் எப்பிடி வரும்?” என்று சிரித்தான். தன் நகைச்சுவைக்கு முதல் ஆளாகச் சிரிக்கும் ஜாதி அவன்.

“சும்மா இருடா. மெனக்கெட்டுச் சுத்தி வச்சிருக்காரில்ல, பாத்துடலாம்” என்றார் வெங்கடாசலம்.

கடைக்குப் பின்னால் ஒரு திரை. அந்தப் பக்கம் வீடு. பற்றவைக்கும் மேசை அங்கேதான் இருந்தது. பெண்டுகள் புழங்கும் இடம் என்பதால் வெளியாள் யாரும் உள்ளே போவதில்லை. வேலை முடிந்ததும் அங்கிருந்தே சோதித்துப் பார்க்க, கடையிலிருந்த ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஒரு நீள வயர் திரைக்குள் போனது.

நூர் பாஷா கிட்டாரை உள்ளே கொண்டுபோனார். கொஞ்ச நேரத்தில் ஈயம் உருகும் புகை திரையைத் தாண்டி வந்தது. குப்புராஜ் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஊரையே திட்டுவதுபோல் இருமினான்.

கிட்டார் வெளியே வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரியின் தொடக்க இசையைக் குப்புராஜ் வாசித்தான். சத்தம் வந்தது, அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வெங்கடாசலத்தின் முகம் தொங்கிப்போனது.

“கேட்டீங்களாண்ணே? எருமை சேத்துல பொரளற மாதிரியே இருக்குது. கழட்டுங்க பாய் இந்தக் குப்பைய! ரேடியோவுக்குச் சுத்தறவங்க ரேடியோவோட நிறுத்திக்கணும்.”

திரைக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்த வளையல் சத்தம் சட்டென்று நின்றது.

நூர் பாஷா கிட்டாரையும் ஜப்பான் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

பக்கத்துக் கடையிலிருந்து டீ வந்தது. இந்தத் தடவை புகைத் தொந்தரவு இல்லாததால் குப்புராஜ் சாவகாசமாகக் குடித்தான். “திருப்புளி புடிக்கத் தெரிஞ்சா போதும்ணே, இந்த ஊர்ல எல்லாரும் இஞ்சினியரு” என்று ஆரம்பித்து, டவுனில் இருந்த மெக்கானிக்குகள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி மட்டம் தட்டினான்.

நாலாவது மெக்கானிக்கில் இருந்தபோது ஆம்ப்ளிஃபையர் பேச ஆரம்பித்தது.

அவன் வாசித்த அதே தொடக்க இசை. ஆனால் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, சுத்தமாக வந்து விழுந்தது. வெங்கடாசலம் டீ கிளாஸை அப்படியே கீழே வைத்தார். தெருவில் போன இரண்டு பேர் கடை வாசலில் நின்றுவிட்டார்கள்.

“இதுடா! இந்தச் சத்தத்தத்தான்டா நான் மூணு வருசமா கேக்கறேன்!”

குப்புராஜ் துள்ளி எழுந்தான். “ஜப்பான்ணே, ஜப்பான்! பாய் சும்மா சோதிச்சுப் பாக்கறாரு, அதுக்கே இந்தப் பேச்சு பேசுது. எங் கை பட்டா எப்பிடி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க!”

“நெனச்சுட்டேன். இனிமே உனக்குச் சாக்கு கெடையாது குப்புராஜு. இப்ப கேட்டமே, இதே பிக்கப்புல, இதே மாதிரி நீ வாசிக்கணும். இல்லன்னா குழுவ வுட்டுப் போயிடணும். சம்மதமா?”

“எங்காத்தா மேல சத்தியமா சம்மதம்! இந்தப் பிக்கப்பு இருந்தும் வாசிக்க வராதவன் கிட்டாரையே தொடக் கூடாதுண்ணே.” வாசலில் நின்ற இருவருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னான்.

திரை விலகியது. நூர் பாஷா சங்கடத்தோடு வெளியே வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் பேசினார்.

“மன்னிச்சுக்கங்க தம்பி, ஜப்பான இன்னும் மாட்டலீங்க. வர்ற கிட்டாரயெல்லாம் எம் பொண்ணு வஹிதாதான் சோதிக்குங்க. நீங்க குப்பைன்னதும், தான் சுத்துனதுல என்ன கொறைன்னு கழட்டறதுக்கு முன்னாடி ஒருக்கா வாசிச்சுப் பாத்துச்சு. பிக்கப்புல கொறை ஒண்ணும் இல்லீங்களாம்.”