ஐந்து ஏன்

"லேபிள் ஒட்டாத பெட்டி லாரியில எப்படி ஏறிச்சு? அதை மொதல்ல சொல்லுங்க."

கலைமதி மார்க்கரும் கையுமாக வெள்ளைப் பலகை முன்னால் நின்றாள். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் அந்தக் கம்பெனியில் தரம் பார்ப்பது அவள் வேலை.

பிரவீன்குமாருக்கு வியர்த்தது. சரக்கு அனுப்பும் டிஸ்பாட்ச் ஆபீஸில் அவனுக்கு வேலை. பதினோரு மணிக்கு அவனுக்கு அசிஸ்டென்ட் மேனேஜர் பதவிக்கு இன்டர்வியூ. அதற்காகக் குன்றத்தூரில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே டை கட்டிவிட்டான். கம்பெனி பஸ்ஸில் இருந்தவர்கள் ஏதோ கல்யாண மாப்பிள்ளை வழி தவறி ஏறிவிட்டான் என்றுதான் பார்த்தார்கள்.

"லாரி இப்ப எங்க?"

"கேட்ல புடிச்சி வெச்சிகினு இருக்காங்க. நல்ல வேளை, செக்யூரிட்டி கண்ல பட்டுச்சு. புனே போய்ச் சேந்திருந்தா நாறிப்போயிருக்கும். உக்காருங்க."

அறையில் நாற்காலி ஒன்றுதான். அதில் அவள் கைப்பை இருந்தது. சுவரோரம் கிடந்த அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்தான்.

கேட் ஒன்றும் தூரமில்லை. ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம். ஆபீஸ்காரன் எதையும் போய்ப் பார்க்க மாட்டான். லேப்டாப்பில் வந்தால்தான் அவனுக்கு அது நடந்த மாதிரி.

அந்தக் கம்பெனியில் ஒரு முறை உண்டு. தப்பு நடந்தால் 'ஏன்' என்று ஐந்து தடவை கேட்க வேண்டும். ஐந்தாவதாக வரும் பதில்தான் மூல காரணம். அதற்குக் கீழே ஓர் ஆளின் பெயர். பெயர் வந்தவனுக்கு மெமோ. மெமோ வாங்கியவன் இன்டர்வியூ பக்கமே போக முடியாது.

"மேனேஜர் ராஜசேகர் சார் வர்றதுக்குள்ள முடிக்கணும்," என்றாள் கலைமதி. "லோடு ஏத்தும்போது நீங்க ஏன் பாக்கல?"

"நான் அங்க இல்ல மேடம்."

மற்ற நாளில் அவன் அவளைக் கலை என்றுதான் கூப்பிடுவான். பயம் மேடம் ஆக்கிவிட்டது.

"ஏன் இல்ல?"

"டீ குடிக்கப் போனேன்."

"உங்க ஆபீஸ்லயே மெஷின் கீதே. ஏன் வெளிய போனீங்க?"

"அந்த டீ நல்லா இருக்காது. புரொடக்‌ஷன் லைன் பக்கத்துல இருக்கிற மெஷின்லதான் டேஸ்ட்டு."

"ரெண்டுலயும் ஒரே தூளு, ஒரே பாலு. ரெண்டுமே கழனித் தண்ணிதான். பொய் சொன்னா பலகைல எழுத மாட்டேன். ஏன் அந்த மெஷினு?"

பிரவீன்குமார் டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"அங்க நின்னா... இந்த ரூம் ஜன்னல் தெரியும்."

மார்க்கர் ஒரு நொடி நின்றது. பிறகு அதையும் அப்படியே எழுதியது.

"ஐயோ, அத எழுதாதீங்க!"

"சொன்னா எழுதித்தான் ஆவணும். இது அஞ்சாவது. இந்த ஜன்னல்ல இன்னா கீது? சினிமாவா ஓட்றாங்க? ஏன் பாக்கறீங்க?"

அவன் டை நுனியைச் சுருட்டியபடி வாசல் பக்கம் பார்த்தான்.

கலைமதி மார்க்கரை மூடினாள். "சரி, வுடுங்க. இன்னொரு வழி கீது. கடைசி செக்கிங் என்னுது. லேபிள் இல்லாதத நான் கவனிக்கலன்னு எழுதிடறேன். உங்க இன்டர்வியூ பொழைக்கும்."

"உங்களுக்கு?"

"மெமோ. ஏற்கெனவே ஒண்ணு வாங்கிட்டேன். இன்னொண்ணு வாங்கினா வேற ஊரு பிளான்ட்டுக்குத் தூக்கி அடிப்பாங்க. அதுக்கு இன்னா பண்றது? நீங்க அசிஸ்டென்ட் மேனேஜர் ஆவுங்க."

பிரவீன்குமார் யோசித்தான். யோசிக்கவே இல்லை என்று எழுதினால் பொய். மூன்று வருஷமாக அந்தப் பதவியைக் கனவில் கண்டவன். புதுப் பதவி போட்டு விசிட்டிங் கார்டுகூட அடித்துப் பையில் வைத்திருந்தான்.

எழுந்து வந்து மார்க்கரை வாங்கினான். ஐந்தாவது வரியில் எழுதினான்: 'கலைமதியைப் பார்க்க.' கீழே தன் பெயரைக் கொட்டையாகப் போட்டான்.

"போதுமா? மெமோ எனக்கே வரட்டும்," என்று டையைக் கழற்றினான். "அந்தக் கார்டுங்கள இன்னா பண்றதுன்னுதான் தெரியல."

மறுபடி போய்ப் பெட்டி மேல் தொப்பென்று உட்கார்ந்தான்.

கலைமதி டஸ்டரை எடுத்துப் பலகையைப் பளிச்சென்று துடைத்தாள்.

"இன்னா பண்றீங்க? ராஜசேகர் சார் வந்து பாக்கணுமே!"

"அவரு எதுக்கு வராரு? உன் இன்டர்வியூக்குத்தான் உக்காந்துகினு கீறாரு."

'ங்க' போன இடம் தெரியவில்லை.

"ஞாயித்துக்கெழம மணிமங்கலத்துலேர்ந்து என்னைப் பொண்ணு பாக்க வராங்க. வர வேணாம்னு வூட்ல சொல்லணும்னா எனக்கு ஒரு தைரியம் வேணாமா? டெய்லி டீய ஆற வெச்சிகினு ஜன்னலப் பாக்கறவன் வாயத் தொறப்பானா, இல்ல ஒரு பதவிக்காக என்னையே மாட்டி வுடுவானா? நான் எதையும் செக் பண்ணாம ஓகே போட மாட்டேன்."

"அப்ப கேட்ல லாரி? லேபிள் இல்லாத பெட்டி?"

"லாரி இன்னும் லோடிங்லயே நிக்குது, ஒரு பெட்டி கொறையுதுன்னு. எந்திரி, டையக் கட்டு. அப்டியே அந்தப் பெட்டியத் திருப்பிப் பாரு."

அவன் எழுந்து, இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்த அட்டைப்பெட்டியைத் திருப்பினான். சுவர்ப் பக்கம் இருந்த முகத்தில், கோணாமல், மூலை மடங்காமல், அழகாக ஒட்டியிருந்தது புனே லேபிள்.