பொய் சொல்லாத பெட்டி

"உண்மையைச் சொல்லுங்க சார், நாம கீழ போய்க்கிட்டிருக்கோமா?"

பல் டாக்டரம்மாவின் குரல் நடுங்கியது. கரண்ட் போய், லிஃப்ட் ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவில் நின்று பத்து நிமிடம் ஆகிவிட்டது. உள்ளே மூன்றே பேர். டாக்டரம்மா, ஓய்வு பெற்ற ரயில் டிரைவர் ஒருவர், சோப்பு டப்பா அளவுப் பெட்டியைக் கையில் ஏந்திய மீட்டர்காரர். அந்தப் பெட்டிதான் 'ஊம்ம்ம்' என்று விடாமல் முனகிக்கொண்டிருந்தது.

"ஊம்முன்னா இறக்கம், பீப் பீப்னா ஏற்றம்," என்றார் மீட்டர்காரர் நிதானமாக. "கிளைடர் ஓட்டுறவங்களுக்காக நான் செய்யிறதும்மா. பைலட்டுக்கு எதிர்ல, கண்ணாடிக்கு அடியில ஒட்டிக்கலாம். அந்த விமானத்துக்கு இன்ஜின் கிடையாது. மேல போற காத்தைத் தேடிப் பிடிச்சு, அதுக்குள்ளயே வட்டமடிச்சு ஏறணும்."

"இன்ஜின் இல்லாத வண்டியில எவன்யா ஏறுவான்?" ரயில்காரர் கைப்பிடிக் கம்பியை விடவே இல்லை. நாற்பது வருடம் தண்டவாளத்தில் ஓடிய மனுஷன். தரையை விட்டு ஓரடி உயர்ந்தாலும் அவருக்கு ஆகாது. வீடு எட்டாம் மாடியில் அமைந்தது அவர் தலையெழுத்து.

டாக்டரம்மா அதுவரை பெட்டி மேல் அடித்துக்கொண்டிருந்த போன் டார்ச்சை இன்னும் பக்கத்தில் கொண்டுபோனார். சிக்னல்தான் இல்லை, வெளிச்சமாவது இருந்தது. வெளிச்சம் ஓரிடத்தில் நிற்காமல் ஆடியது. திரையில் மைனஸ் குறி. முனகல் இன்னும் பலமானது.

ரயில்காரர் அண்ணாந்து கத்தினார். "வாட்ச்மேன்! லிஃப்ட் இறங்குதாய்யா?"

"தெரியலீங்களே!" மேலிருந்து குரல் வந்தது. "மெக்கானிக் வந்துக்கிட்டே இருக்காரு. பயப்படாதீங்க!"

"ஒருவேளை உங்க பெட்டி பொய் சொல்லுதோ?" என்றார் டாக்டரம்மா நப்பாசையோடு.

மீட்டர்காரருக்குச் சுருக்கென்றது. உயிர் போகிற நேரத்திலும் தொழில்காரனுக்கு ரோஷம் மட்டும் குறைவதில்லை.

"லிஃப்ட் கயிறு பொய் சொல்லலாம்மா, என் பெட்டி சொல்லாது. ஆகாயத்துல கண்ணும் ஏமாத்தும், உடம்பும் ஏமாத்தும். மலை ஓரமாப் பறக்கும்போது இறக்கத்தை ஏற்றம்னு நினைச்சா, நேரா மலையிலதான் மோதணும். அதனாலதான் எல்லார்கிட்டயும் சொல்றேன், இந்தச் சத்தத்தை மட்டும் நம்புன்னு. இதோட ஜோடியை நேத்து இதே லிஃப்ட்ல ஏத்தி இறக்கிப் பார்த்துட்டுத்தான் கொடுத்தேன். அது காலையிலயே பறக்கப் போயாச்சு."

"அப்ப நாம விழுந்துக்கிட்டிருக்கோம்?"

"விழலம்மா, நழுவுறோம். செகண்டுக்கு ஒரு ஜாண்."

இதைத்தான் அவர் ஆறுதல் என்று நினைத்துச் சொன்னார்.

டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டார். ரயில்காரர் மீட்டர்காரர் பக்கம் திரும்பினார். "காலையில வீட்டுக்காரிகிட்ட சும்மா சண்டை போட்டுட்டு வந்தேன். தப்பு என்னுதுதான்னு அவகிட்ட சொல்லிடுங்க."

"நாங்களும் உங்க கூடத்தான சார் இருக்கோம். யாரு போய்ச் சொல்றது?" டாக்டரம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

ரயில்காரர் கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்தார். விரல்களை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். வேகமும் தூரமும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"யோவ் மீட்டர்! ஒரு ஜாண்னா நிமிஷத்துக்கு நாப்பத்தஞ்சு அடி. பத்து நிமிஷத்துக்கு நானூத்தம்பது. இந்தக் கட்டடமே நூறு அடிதான்யா! நாம எப்பவோ தரையில மோதியிருக்கணுமே?"

டாக்டரம்மா பெருமூச்சோடு டார்ச்சைத் தாழ்த்தினார். பெட்டி ஒரு தடவை 'பீப்' என்றது, அப்புறம் அமைதியானது. வெளிச்சத்தை மறுபடி காட்டினார். 'ஊம்ம்ம்.' விலக்கினார். அமைதி.

"சார்! நான் லைட் அடிச்சாத்தான் இது அழுவுது!"

ரயில்காரர் வெடித்துச் சிரித்தார். "லிஃப்ட் அசையவே இல்ல! இந்த டப்பாவை நம்பி உயில் எழுதப் பார்த்தேனே!" டாக்டரம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

மீட்டர்காரர் மட்டும் சிரிக்கவில்லை. நகத்தால் பெட்டியின் மூடியை நெம்பித் திறந்தார்.

"காத்து போற ஓட்டைக்குப் பின்னால கறுப்பு ஸ்பாஞ்ச் ஒட்டணும்," என்று முணுமுணுத்தார். "வெளிச்சம் மாறி மாறிப் பட்டா உள்ள காத்தழுத்தத்தை அளக்குற சிப் உளறும். ஏற்றம்பான், இறக்கம்பான். அதான் ஸ்பாஞ்ச். ஒட்டலையே... மறந்துடக் கூடாதுன்னு வெட்டி..."

சட்டைப் பையில் விரலை விட்டார். நகத்தளவு கறுப்பு ஸ்பாஞ்ச் வந்தது. ஒன்றல்ல, இரண்டு.

அவர் முகம் வெளுத்தது. அவ்வளவு நேரமும் கல் மாதிரி நின்ற மனிதர், இரண்டு கைகளாலும் கதவை இடிக்க ஆரம்பித்தார்.

"திறங்க! யாராவது கதவைத் திறங்க! நான் உடனே ஒரு போன் பண்ணணும்!"

"அட, என்னய்யா நீ!" ரயில்காரர் அவர் தோளைப் பிடித்தார். "அதான் லிஃப்ட் விழலைன்னு தெரிஞ்சுபோச்சே! இனிமே என்ன பயம்?"

"லிஃப்ட் இல்ல சார்... அந்த இன்னொரு பெட்டி... அதை நம்பித்தான் என் பொண்ணு இன்னிக்கு முதல் தடவையாத் தனியா, மலை ஓரத்துல வட்டமடிச்சுக்கிட்டிருக்கா!" அவர் தலையைத் தூக்கிக் கதறினார். "வாட்ச்மேன்! வெளிய வெயில் அடிக்குதா?"

மேலிருந்து உற்சாகமாகப் பதில் வந்தது.

"சுள்ளுன்னு அடிக்குதுங்க சார்!"