வலது கை மை

“அந்த ஆளை இட்டுகினு உள்ள போவக் கூடாது சார். எழுதி வெச்சிக்கோங்க, போவக் கூடாது!”

கட்சி முகவர் துரை எழுந்து நின்று கத்தியதில் பிரவின்குமாரின் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது.

வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக அவனுக்கு இது முதல் சட்டமன்றத் தேர்தல். வேலையில் சேர்ந்தே இரண்டு வருஷம்தான். திருப்போரூருக்குப் பக்கத்துக் கிராமம். பள்ளிக்கூடத்தின் ஐந்தாம் வகுப்பு அறை. காலையிலிருந்து எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது.

இப்போது அவன் மேஜைக்கு முன்னால் வரலட்சுமி நின்றிருந்தாள். நாற்பது வயது இருக்கும். இரண்டு கண்ணும் தெரியாது. பார்வையில்லாதவர் ஓட்டுப் போட, துணைக்கு ஒருவரை அழைத்துக்கொள்ளலாம். அவள் அழைத்து வந்திருந்தது தனகோடியை.

துரைக்கு ஆகாத கட்சியின் கிளைச் செயலாளர் தனகோடி.

துரையோ, வரலட்சுமியின் சொந்தத் தம்பி.

“யக்கா, நான் ஒருத்தன் கல்லாட்டம் இங்க குந்திகினு கீறேன். இவன இட்டாந்திருக்கியே, உனுக்கு இன்னா கிறுக்கா?”

“கண்ணுதான்டா இல்ல. புத்தி கீது” என்றாள் வரலட்சுமி. “சார், எனக்கு இவருதான் வேணும்.”

“சார், அதுக்கு ஒண்ணும் தெரியாது சார். எந்தச் சின்னத்துல அமுக்கினாங்கன்னு அது எப்படிப் பாக்கும்? இவன் கட்சிக்கு அமுக்கிட்டு வந்துடுவான். ஊருக்கே தெரியும்.”

“பாவம், மிரட்டி இட்டாந்திருப்பான்” என்று வரிசையில் யாரோ சொன்னார்கள்.

காலையில் தன் ஓட்டைப் போட்ட மை இடது விரலில் காய்ந்திருக்க, தனகோடி சுவரைப் பார்த்தபடி நின்றார்.

பிரவின்குமார் மண்டல அலுவலருக்கு போன் செய்தான். லைன் பிஸி. மறுபடியும் பிஸி. கையேட்டைப் புரட்டினான். துணைக்கு வருபவர் பதினெட்டு வயது முடிந்தவராக இருக்க வேண்டும். ஒரு நாளில் ஒருவருக்குத்தான் துணை போகலாம். ரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். வலது ஆள்காட்டி விரலில் மை வைக்க வேண்டும். கட்சிக்காரர் கூடாது என்று எங்குமே இல்லை.

இல்லாததுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. இருந்திருந்தால் பழி கையேட்டின் மேல் போயிருக்கும். இப்போது அவன் கையெழுத்துதான்.

“அம்மா, யாராச்சும் உங்களை வற்புறுத்தினாங்களா?”

“நான்தான் சார் அவரை வற்புறுத்தினேன். டீக்கடையில குந்தியிருந்தவரை எழுப்பி இட்டாந்தேன்.”

வேறு வழியில்லை. படிவத்தை நீட்டினான். தனகோடி கையெழுத்துப் போட்டார். கீழே பிரவின்குமாரும் போட்டான். வலது விரலிலும் மை வைத்தார்கள்.

“ரெண்டு ஓட்டுப் போடறவன் கையப் பாருங்கய்யா!” என்றான் துரை. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

இருவரும் அட்டை மறைப்புக்குப் பின்னால் போனார்கள்.

பத்து வினாடி. இருபது வினாடி. இயந்திரத்தின் சத்தம் வரவில்லை. ஏதோ முணுமுணுப்பு மட்டும் கேட்டது.

“இன்னா தனகோடி, உன் சின்னம் எங்க கீதுன்னே மறந்துட்டியா?”

பிரவின்குமார் அட்டை மறைப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் தெரியாத ஒருத்தியின் ஓட்டு, தான் போட்ட கையெழுத்தால் பறிபோகிறது. தன் கண் முன்னால். தடுக்கவும் முடியாது.

ஒரு நிமிஷம் கழித்து ‘பீப்’ என்றது.

வெளியே வந்ததும் தனகோடி அவளை மேஜையோரம் நிறுத்திவிட்டு, வாசலில் கிடந்த செருப்புக் குவியலில் அவளுடையதைத் தேடப் போனார்.

கேட்கக் கூடாதுதான். ஆனாலும் பிரவின்குமார் குனிந்து, மெதுவாகக் கேட்டான்.

“அம்மா, நீங்க சொன்னதைத்தான் அமுக்கினாரா?”

“எனக்கு எப்படி சார் தெரியும்? பதினாறு பேரையும் படிச்சிக் காட்டினாரு. நான் ஒண்ணு சொன்னேன். சத்தம் வந்துச்சி. அவ்ளோதான்.”

“அப்புறம் எந்த நம்பிக்கையில... உங்க தம்பியே இருக்காரே?”

“தம்பி நல்லவன்தான் சார். சோறு போடறான். ஆனா கடையில நான் கேட்ட சோப்பக்கூட வாங்கியார மாட்டான். அவனுக்குப் புடிச்சததான் வாங்கியாருவான்.”

அவள் குரலை இன்னும் தாழ்த்தினாள்.

“போன பஞ்சாயத்து எலக்‌ஷன்ல எங்க வார்டு பொம்பளைங்க வார்டு. மூணு பேரு நின்னாங்க. தனகோடி அண்ணாத்த சம்சாரம் அம்சா. எதிர்ல வசுமதி. மூணாவது ஜெனிட்டான்னு ஒரு பொண்ணு. எனக்கு உதவித்தொகை வாங்கித் தர தாலுகா ஆபீசுக்கு நாயா அலைஞ்ச பொண்ணு. அதுக்கு ஓட்டு பக்கத்து வார்டுல. தன் ஓட்டக்கூட தனக்குப் போட்டுக்க முடியாது.”

“சரி...”

“அன்னிக்குத் தம்பி ஊர்ல இல்ல. இவரத்தான் துணைக்கு இட்டுகினு போனேன். ஜெனிட்டாவுக்குக் குத்துங்கன்னு சொன்னேன்.”

“யார் ஜெயிச்சாங்க?”

“அம்சாவுக்கும் வசுமதிக்கும் சரிசமமா நூத்திப் பதினேழு ஓட்டு. சீட்டு குலுக்கிப் போட்டாங்க. அம்சா பேரு வரல.”

தனகோடி செருப்பைக் கொண்டுவந்து அவள் காலருகே வைத்தார். “போலாமா வரலட்சுமி?”

“தோ வரேன் அண்ணாத்த” என்று அவள் கையை நீட்டி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்த ஜெனிட்டாவுக்கு எவ்வளவும்மா?” என்றான் பிரவின்குமார்.

“ஒண்ணே ஒண்ணு சார்.”