வெறுங்கால்

எல்லோர் காதுக்குள்ளும் சில்லு வந்துவிட்டது. கிளப்பில் டிஜேவான நான் எந்த ஹவுஸ் நடன இசை ரெக்கார்டைச் சுழலவிட்டாலும், சில்லு அதை மாற்றி, அவரவர் நாடித்துடிப்பின் வேகத்தில்தான் அவரவருக்குக் கேட்கவைக்கும். பக்கத்தில் ஆடுகிறவர்களின் கால்கள்கூடச் சேர்ந்து விழுவதில்லை. எனக்கோ கூட்டமே ஒரே அடியில் எம்பிக் குதிக்க வேண்டும்.

“ரெண்டு ரெக்கார்டையும் தாளம் சேர்க்க இவ்ளோ மெனக்கெடுறியே ஜெரால்டு, யாருப்பா கேக்குறா?” என்றார் கிளப் முதலாளி ரெஹானா.

ஆத்திரத்தில் ரெக்கார்டிலிருந்து ஊசியைத் தூக்கிவிட்டேன். மிச்சப் பாட்டைச் சில்லுகளே இட்டுக்கட்டிக்கொண்டன, ஆட்டம் நிற்கவில்லை.

ஒருத்தி மட்டும் சட்டென்று நின்றாள். ஸ்பீக்கரை ஒட்டி, தரையின் அதிர்வுக்கு வெறுங்காலில் ஆடிக்கொண்டிருந்த நவீனா. பிறவியிலேயே காது கேளாதவள், சில்லு வைத்துக்கொள்ளாதவள். என்னை முறைத்தபடி, நான் நிறுத்திய அதே தாளத்தில் தரையை ஓங்கி ஓங்கி மிதித்தாள்.